ஜானி யூனைட்டஸ்: சிலையைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் பால்டிமோர் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுவோம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், அமெரிக்க ஃபுட்பால் ஆடும் ரேவன்ஸ் அணியின் ஸ்டேடியம். வாசலில் ஒரு வெண்கலச் சிலை, கையில் பந்தோடு வீசத் தயாராக நிற்கும். "யாருங்க இவர்?" என்று பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். இந்தப் பக்கம் வளரும் நம் பிள்ளைகளுக்கு வேறு மாதிரிச் சந்தேகங்கள். அவர்களுக்கு ஆட்டம் தெரியும், ஆனால் 1958-ல் நடந்தது எதற்கு இப்போது என்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரே பதில்களைச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஃபுட்பால்னு சொல்றாங்க, பந்தைக் கையிலதானே வெச்சிக்கிட்டு ஓடுறாங்க? குவார்ட்டர்பேக்னா யாரு?

பெயரை விட்டுவிடுங்கள், அதைப் பிடித்துக்கொண்டால் ஆட்டம் புரியாது. நீளவாட்டில் 100 கெஜம் மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு கிடைக்கும். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லையைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி.

ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக் கையில். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடுபவருக்கு வீசுவதா என்று இரண்டு மூன்று வினாடியில் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் எதிரணியின் நான்கைந்து தடியர்கள் அவரைக் கீழே தள்ளப் பாய்ந்து வருவார்கள். வீசியதை எதிரணி பிடித்துவிட்டால் இன்டர்செப்ஷன், பந்து பறிபோனது. கிரிக்கெட் கேப்டனும் முதல் பந்து வீச்சாளரும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்டச் சரியாக வரும்.

சரி, இந்த யூனைட்டஸ் அப்படி என்ன செஞ்சுட்டாரு?

ஜானி யூனைட்டஸ் ஒரு குவார்ட்டர்பேக், 1933-ல் பிட்ஸ்பர்கில் பிறந்தவர். லிதுவேனிய வம்சாவளி. ஐந்து வயதில் அப்பா இறந்துவிட, கரி வண்டி ஓட்டும் குடும்பத் தொழிலையும் கூடவே இன்னொரு வேலையையும் பார்த்து அம்மா பிள்ளைகளை வளர்த்தார். 1956 முதல் 1972 வரை 17 சீசன் பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்கு ஆடினார், கடைசியாக ஒரு சீசன் சான் டியேகோவில். மொத்தம் 40,239 கெஜம் வீசினார். 40,000-ஐத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். 1959, 1964, 1967 என்று மூன்று முறை லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது. 1979-ல் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது ஆட்டத்தின் ஜாம்பவான்களுக்கான கௌரவ மண்டபம்.

இதெல்லாம் விக்கிப்பீடியாவில் கிடைக்கும் கணக்கு. இன்றைக்கு இந்த எண்கள் எதுவும் உச்சத்தில் இல்லை, ஒவ்வொன்றையும் யாரோ தாண்டிவிட்டார்கள். அப்படியிருந்தும் இந்த ஊர்க் கிழவர்கள் அவர் பெயரைச் சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அது ஏன் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க.

முதல்ல ஒரு டீம் வேணாம்னு துரத்திடுச்சாமே, நிஜமா?

நிஜம். அதுவும் சொந்த ஊர் அணி. கல்லூரியில் ஆடி முடித்தவர்களை லீக் அணிகள் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி எடுக்கும் 1955 தேர்வில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை ஒன்பதாவது சுற்றில், 102-வது ஆளாக எடுத்தது. அங்கே ஏற்கெனவே மூன்று குவார்ட்டர்பேக்குகள். பயிற்சி ஆட்டங்களில் ஒரு பந்துகூட வீச விடாமல் அனுப்பிவிட்டார்கள். வழியில் வந்த வண்டிகளில் தொற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அப்போது கல்யாணம் ஆகியிருந்தது. பகலில் கட்டட வேலை, வாரக் கடைசியில் ப்ளூம்ஃபீல்டு ராம்ஸ் என்ற உள்ளூர் அணியில் ஆட்டத்துக்கு 6 டாலர். அந்த மைதானத்தில் புல் குறைவு, கல்லும் கண்ணாடித் துண்டும் அதிகம் என்பார்கள். அடுத்த வருஷம் பால்டிமோர் கூப்பிட்டது. யாரோ ஒரு ரசிகர் இவரைப் பற்றி எழுதிய கடிதம்தான் காரணம் என்றும், அந்தக் கடிதத்தை யூனைட்டஸே எழுதியிருப்பார் என்று தனக்குச் சந்தேகம் என்றும் பயிற்சியாளர் வீப் யூபேங்க் கடைசிவரை கிண்டலடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு உபரித் தகவல்: ஸ்டீலர்ஸ் வைத்துக்கொண்ட அந்த மூவரில் ஒருவர் டெட் மார்ச்சிப்ரோடா. 1996-ல் ரேவன்ஸ் அணி பிறந்தபோது அதன் முதல் பயிற்சியாளர் அவர்தான். ஸ்டீலர்ஸுக்கு முதல் சாம்பியன் பட்டம் கிடைக்க 1975 ஜனவரி வரை ஆனது.

முதல் மேட்ச்லயே சொதப்பிட்டாருன்னு சொல்றாங்களே?

சொதப்பல் என்பது மரியாதையான வார்த்தை. 1956-ல் சிகாகோ பேர்ஸுக்கு எதிராக முதன்மை ஆட்டக்காரர் ஜார்ஜ் ஷாவுக்குக் கால் உடைந்தது, யூனைட்டஸ் உள்ளே போனார். வீசிய முதல் பந்தை எதிரணி பிடித்து டச்டவுனாக்கியது. அடுத்து பந்தைக் கைமாற்றும்போது சொந்த ஆளோடு மோதிக் கீழே போட்டார். 58-27 என்று தோல்வி. அந்த சீசன் முடிவதற்குள் இடம் அவருடையதாகிவிட்டது, ஷாவுக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை.

1958 ஃபைனலை 'இதுவரை நடந்ததிலேயே பெரிய மேட்ச்'னு சொல்றாங்க. நான் யூடியூப்ல பார்த்தேன், ஒண்ணும் பெரிசா தெரியலையே?

நீங்கள் சொல்வதில் தப்பில்லை. ஆட்டத்தின் தரம் சுமார்தான். இரண்டு பக்கமும் பந்தைக் கீழே போட்டுப் போட்டு எடுத்தார்கள். பெரிய ஆட்டம் ஆனது கடைசிப் பகுதியால்.

1958 டிசம்பர் 28, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம், ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக. சுமார் இரண்டு நிமிடம் பாக்கி. பால்டிமோர் 14-17 என்று பின்தங்கியிருக்கிறது, பந்து தன் பக்கத்து 14 கெஜக் கோட்டில். அதாவது எதிர் எல்லைக்கு 86 கெஜம். யூனைட்டஸ் ரேமண்ட் பெரிக்கு அடுத்தடுத்து மூன்று முறை வீசினார், மூன்றும் சேர்ந்து 62 கெஜம். பெரிக்குக் கண்பார்வை மட்டு, ஒரு கால் மற்றதைவிடக் கட்டை, தேர்வில் 20-வது சுற்றில் வந்தவர். பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு இவர்கள் இருவரும் இருட்டும்வரை வீசிப் பிடித்துப் பழகுவார்கள். எத்தனை அடி ஓடி எந்தப் பக்கம் திரும்புவார் என்பது பார்க்காமலேயே யூனைட்டஸுக்குத் தெரியும். 7 வினாடி இருக்கும்போது ஸ்டீவ் மைரா ஃபீல்டு கோல் உதைத்தார், 17-17.

அதுவரை இறுதி ஆட்டம் எதுவும் சமனில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனதில்லை. இனி என்ன செய்வது என்று ஆட்டக்காரர்கள் பலருக்கே தெரியவில்லை. யார் முதலில் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம் என்று விதி. ஜயன்ட்ஸ் முதல் வாய்ப்பைக் கோட்டைவிட்டது. பிறகு யூனைட்டஸ் 13 முயற்சியில் 80 கெஜம் கொண்டுபோனார், ஆலன் அமீச்சி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தார். 23-17.

சுமார் 4 கோடியே 50 லட்சம் பேர் டிவியில் பார்த்தார்கள். நடுவில் ஒயர் கழன்று படம் போய்விட்டது. சரியாக அந்த நேரத்தில் யாரோ ஒருவர் மைதானத்துக்குள் ஓடி வந்து ஆட்டத்தை நிறுத்த, அதற்குள் ஒயரை மாட்டிவிட்டார்கள். (அந்த ஆளை அனுப்பியதே டிவிக்காரர்கள்தான் என்று ஒரு பேச்சு உண்டு.) பார்த்தவர்களில் ஒருவர் லமார் ஹன்ட், டெக்சாஸ் பணக்காரர். இந்த ஆட்டத்தில் காசு இருக்கிறது என்று புரிந்துகொண்டு போட்டி லீக் ஒன்றைத் தொடங்கினார். அதிலிருந்து வந்ததுதான் சூப்பர் பவுல் என்ற வருடாந்திர இறுதி ஆட்டம். உங்கள் பையன் பிப்ரவரியில் சிப்ஸ் பாக்கெட்டோடு உட்காருகிறானே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

எல்லாத்தையும் கோச்தானே சொல்லிக்குடுப்பாரு? இதுல இவர் பெருமை என்ன?

நல்ல கேள்வி. இன்றைக்கு நீங்கள் பார்ப்பது அப்படித்தான். 1994 முதல் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது, வெளியிலிருந்து காதில் சொல்வார்கள். யூனைட்டஸ் காலத்தில் அடுத்து என்ன ஆடுவது என்பதைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்தார். வட்டமாகக் கூடி நின்று அவர் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். அங்கே வேறு யாரும் வாய் திறப்பது அவருக்குப் பிடிக்காது.

அந்த 80 கெஜப் பயணத்தில் ஓர் இடம் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. பெரிக்கே வீசி வீசி ஜயன்ட்ஸை நோகடித்துவிட்டார் இல்லையா? அதனால் அவர்களுடைய நடு ஆள் சாம் ஹஃப் பெரி பக்கம் உதவிக்குப் பின்வாங்கி நிற்க ஆரம்பித்தார். யூனைட்டஸ் அதைக் கவனித்தார். பந்தைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்பு திட்டத்தை மாற்றி, ஹஃப் விட்டுப்போன இடத்தின் வழியே அமீச்சியை ஓடவிட்டார். 20 கெஜத்துக்கு மேல் கிடைத்தது. என்னைப் பொறுத்தவரை அவருடைய ஆட்டம் முழுவதும் இந்த ஒரு முடிவில் இருக்கிறது. வீசி ஏமாற வைத்து, ஏமாந்த இடத்தில் நடந்து போவது.

கடைசி இரண்டு நிமிடத்தில் கூடி நிற்காமல், ஓரக்கோட்டுப் பக்கம் வீசிக் கடிகாரத்தை நிறுத்தி விறுவிறுவென முன்னேறுவது இன்று எல்லா அணியும் பயிற்சி செய்யும் பாடம். அதைத் தனியாக அவர் கண்டுபிடித்தார் என்று சொன்னால் பொய். ஆனால் நாடே பார்க்கச் செய்து காட்டியவர் அவர்.

ஃபீல்டு கோல் அடிச்சாலே போதுமே, அப்புறம் ஏன் ரிஸ்க் எடுத்து வீசினாரு? பெட்டிங்னு எங்கேயோ படிச்சேன்.

மேலே சொன்ன கூடுதல் நேரத்தில், எல்லைக்கு ஏழெட்டு கெஜம் இருக்கும்போது நடந்தது இது. 3 புள்ளி எடுத்தாலே ஜெயம். அவரோ ஜிம் மச்செல்லருக்கு வீசினார், பந்து 1 கெஜத்துக்குப் போனது, அடுத்ததில் அமீச்சி. பந்தயக்காரர்கள் பால்டிமோர் மூன்றரைப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று வைத்திருந்தார்கள். அணியின் முதலாளி கேரல் ரோசன்ப்ளூமுக்குப் பந்தயப் பழக்கம் உண்டு என்பது ஊரறிந்த பேச்சு. 3 புள்ளியில் ஜெயித்தால் பந்தயம் போய்விடும், அதனால்தான் வீசினார் என்று இரண்டையும் கூட்டிக் கதை கட்டினார்கள். யாரும் இதுவரை நிரூபித்ததில்லை.

ஆட்டத்தைப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். மைராவின் உதையை நம்ப முடியாது. அன்றே அவர் உதைத்த ஒன்று தடுக்கப்பட்டிருந்தது, அந்த சீசனில் பாதிக்கு மேல் தவறவிட்டிருந்தார். அதோடு மச்செல்லருக்குக் காவல் நின்றவர் உள்பக்கமாக ஒதுங்கி நின்றார், வெளிப்பக்கம் திறந்து கிடந்தது. வீசிய பந்து எதிரணி கையில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆட்டம் முடிந்து நிருபர்கள் கேட்டபோது, என்ன செய்கிறோம் என்று தெரிந்தவனுக்கு மாட்டாது என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்சம் திமிர்தான்.

அந்த 47 மேட்ச் ரெக்கார்டு என்ன?

1956 டிசம்பரிலிருந்து 1960 டிசம்பர் வரை, அவர் ஆடிய 47 ஆட்டத்தில் தொடர்ந்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு டச்டவுன் வீசினார். நடுவில் 1958-ல் விலா எலும்பு உடைந்து இரண்டு ஆட்டம் வெளியே இருந்தார், அவை கணக்கில் வராது. 52 வருஷம் கழித்து, 2012 அக்டோபரில் டிரூ பிரீஸ் என்ற குவார்ட்டர்பேக் அதைத் தாண்டி 54-ல் நிறுத்தினார். அந்த 52 வருஷத்துக்குள் சீசன் 12 ஆட்டத்திலிருந்து 16 ஆகியது, விதிகள் வீசுபவருக்குச் சாதகமாக மாறின. அத்தனைக்கும் பிறகும் அவ்வளவு காலம் பிடித்தது.

290 டச்டவுன், 253 இன்டர்செப்ஷன். இப்ப இருந்தா டீம்லயே வெச்சிருக்க மாட்டாங்க அங்கிள்!

தமிழ்ப் பள்ளி வாசலில் 14 வயதுப் பையன் ஒருவன் போனில் எண்ணைக் காட்டிக்கொண்டே கேட்டது. பதில் சொல்லாமல் விட முடியாத கேள்வி.

1978-க்கு முன்னால், பந்து காற்றில் வரும்வரை தடுப்பாளர் ஓடுபவரை வழியெல்லாம் இடிக்கலாம், பிடித்துத் தள்ளலாம். அந்த வருஷம்தான் 5 கெஜத்துக்கு அப்பால் தொடக்கூடாது என்று விதி வந்தது. வீசுபவரைக் காக்கும் ஆட்களும் அதுவரை கையை நீட்டித் தடுக்க முடியாது. வீசுபவர் தலையில் அடிப்பது, விழுந்தபின் மேலே விழுவது எல்லாம் அன்றாட சமாசாரம். அப்படிப்பட்ட காலத்தில் எல்லாருக்குமே பந்து அதிகம் பறிபோனது. 1959-ல் 12 ஆட்டத்தில் யூனைட்டஸ் 32 டச்டவுன், 14 இன்டர்செப்ஷன். அன்றைக்கு 32 என்பது லீக் சாதனை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த 253-ல் கணிசமான பகுதி 1968-க்குப் பிறகு, முழங்கை போன பின்பு வந்தவை. இரண்டு மூன்று வருஷம் முன்பே நிறுத்தியிருந்தால் எண் அழகாக இருந்திருக்கும். சான் டியேகோவில் அந்தக் கடைசி வருஷப் படங்களை நான் பார்ப்பதில்லை.

சூப்பர் பவுல் ஜெயிச்சாரா, தோத்தாரா? ரெண்டும் படிக்கிறேன்.

இரண்டும் உண்டு. 1968-ல் சீசன் தொடங்கும் முன்பே முழங்கையில் அடி. ஏர்ல் மோரல் அவர் இடத்தில் ஆடி 13 ஜெயம், 1 தோல்வி என்று கொண்டுவந்தார். 1969 ஜனவரியில் மூன்றாவது சூப்பர் பவுல், எதிரே நியூயார்க் ஜெட்ஸ். ஜெட்ஸ் பயிற்சியாளர் யார் தெரியுமா? யூனைட்டஸை எடுத்துவந்த அதே யூபேங்க். குவார்ட்டர்பேக் ஜோ நேமத், யூனைட்டஸைப் பார்த்து வளர்ந்த மேற்குப் பென்சில்வேனியாப் பையன், பள்ளியில் அவருடைய 19-ஆம் எண்ணையே போட்டவர். முதல் பாதியில் மோரல் மூன்று பந்தைப் பறிகொடுத்தார். மூன்றாம் கால்பகுதியின் கடைசியில்தான் யூனைட்டஸை இறக்கினார்கள். ஒரு டச்டவுனுக்கு வழி செய்தார், 16-7 என்று தோல்வி.

"முதல்லயே இறக்கியிருந்தா?" என்று கேட்காத பால்டிமோர்க் கிழவரை நான் பார்த்ததில்லை. அரைநேர இடைவேளையில் இறக்கியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அந்தக் கை பழைய கை இல்லை. வீசிய 24-ல் 11-தான் சேர்ந்தது.

1971 ஜனவரியில் ஐந்தாவது சூப்பர் பவுலில் டல்லஸை 16-13 என்று வென்றார்கள். யூனைட்டஸ் வீசிய ஒரு பந்து இரண்டு கை பட்டுத் தெறித்து ஜான் மேக்கியிடம் போய் 75 கெஜ டச்டவுன் ஆனது. அப்புறம் விலாவில் அடிபட்டு வெளியேற, இந்த முறை முடித்துவைத்தவர் மோரல். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கோல்ட்ஸ் இண்டியானாபோலிஸ்லதானே இருக்கு? இவர் சிலை ஏன் பால்டிமோர்ல?

இதைக் கேட்டால் பெரியவர்கள் முகம் மாறும், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கேளுங்கள்.

1972-ல் அணி ராபர்ட் இர்சே கைக்கு வந்தது. புது நிர்வாகம் யூனைட்டஸை உட்கார வைத்தது. அந்த டிசம்பரில் பால்டிமோரில் அவருடைய கடைசி ஆட்டம். இன்னொருவருக்கு அடிபட்டதால் உள்ளே போனார், வீசியது நீண்ட டச்டவுன் ஆனது. மேலே ஒரு குட்டி விமானம் அவர் பெயரை வைத்துச் சிலேடையாக எழுதிய பேனரை இழுத்துக்கொண்டு சுற்றியது: நாடு ஒன்றுபட்டு நிற்கிறோம் என்று சொல்லும் பழைய வாக்கில், 'ஒன்றுபட்டு' என்ற சொல்லுக்குப் பதில் யூனைட்டஸ்.

ஸ்டேடியம் பற்றி இர்சேக்கும் நகரத்துக்கும் வருஷக்கணக்கில் சண்டை. அணியையே அரசு கையகப்படுத்தலாம் என்று மேரிலாந்து சட்டம் கொண்டுவரப் போக, 1984 மார்ச் 28 இரவு மேஃப்ளவர் கம்பெனி லாரிகள் வந்தன. பனி பெய்துகொண்டிருந்தது. ஹெல்மெட், மேசை, கோப்பைகள் எல்லாவற்றையும் ஏற்றி விடிவதற்குள் இண்டியானாபோலிஸ் கிளம்பிவிட்டார்கள். ஊர் காலையில் எழுந்து டிவியில்தான் தெரிந்துகொண்டது. மிஞ்சியது அணியின் பேண்டு வாத்தியக் குழு. அவர்களுடைய சீருடை அன்றைக்கு லாண்டரியில் இருந்ததால் தப்பித்தது. அணியே இல்லாத ஊரில் 12 வருஷம் அந்தக் குழு வாசித்துக்கொண்டே இருந்தது. 1996-ல் கிளீவ்லாண்டிலிருந்து ஓர் அணி இங்கே வந்து ரேவன்ஸ் ஆனதும் அதற்கு வாசிக்கத் தொடங்கினார்கள், இன்றும் வாசிக்கிறார்கள்.

யூனைட்டஸ் இண்டியானாபோலிஸை ஏற்கவே இல்லை. ஹால் ஆஃப் ஃபேமில் தன் பெயருக்குக் கீழே பால்டிமோர் கோல்ட்ஸ் என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள் என்றார். ரேவன்ஸ் வந்ததும் ஆட்டங்களின்போது ஓரக்கோட்டில் வந்து நிற்க ஆரம்பித்தார். சிலைக்குக் காரணம் அதுதான்.

நான் இண்டியானாபோலிஸ்ல இருக்கேன். ரெக்கார்டு எல்லாம் எங்க டீம் பேர்லதானே இருக்கு? அவர் எங்காளும்தானே?

சட்டப்படி உங்களுடையவர். 19-ஆம் எண்ணை உங்கள் அணி யாருக்கும் கொடுப்பதில்லை, அது நல்ல காரியம். அவருடைய அணிச் சாதனைகளைத் தாண்டிய உங்கள் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கும் அவரை மதித்தவர்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். கிளீவ்லாண்டு அணி இங்கே வந்தபோது பெயர், நிறம், வரலாறு மூன்றையும் கிளீவ்லாண்டிலேயே விட்டுவிட வேண்டும் என்று லீக் சொன்னது. பால்டிமோருக்கு 1984-ல் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் உங்கள் கேள்விக்கே இடமில்லை. இன்னொரு அணியை இழுத்து வந்த ஊர் பேசலாமா என்றால், அதுவும் நியாயம்தான். இங்கே பலருக்கு அந்தக் கூச்சம் உண்டு, ஓரிரு பியருக்குப் பிறகு ஒத்துக்கொள்வார்கள். 2007 ஜனவரியில் மேனிங்கின் கோல்ட்ஸ் இங்கே வந்து, ஒரு டச்டவுன்கூட இல்லாமல் ஐந்து ஃபீல்டு கோலில் 15-6 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அதை மட்டும் பேசாதீர்கள்.

கடைசி காலத்துல கஷ்டப்பட்டாராமே, கைகூட வரலைன்னு?

ஆமாம். தங்கக் கை என்று பெயர் வாங்கிய அந்த வலது கை கடைசியில் ஏறக்குறைய வேலை செய்யவில்லை. விரல்கள் மூடாது. கோல்ஃப் மட்டையை ஒட்டுப்பட்டையால் கையோடு கட்டிக்கொண்டு ஆடினார். முட்டிகளை மாற்றியிருந்தார்கள். ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டு லீகிடம் போனார், மறுத்துவிட்டார்கள். தொழில்கள் சரியாக அமையாமல் 1991-ல் திவால் மனு கொடுத்தார். தன்னைப் போன்ற பழைய ஆட்டக்காரர்களின் உடல்நிலை பற்றிக் கடைசி வருஷங்களில் வெளிப்படையாகப் பேசினார். பிற்காலத்தில் லீக் மீது வந்த பெரிய வழக்குகளுக்கு முன்பே பேசியவர்களில் ஒருவர்.

2002 செப்டம்பர் 11 அன்று பால்டிமோர் பக்கத்து டிமோனியத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பு. வயது 69. சிலையை அடுத்த மாதம் திறந்தார்கள். அவர் பார்க்கவில்லை.

அந்தக் கறுப்பு ஷூ என்ன விஷயம்?

கணுக்காலை மூடும் உயரமான கறுப்பு ஷூ. எல்லாரும் தாழ்ந்த ஷூவுக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. ஒட்ட வெட்டிய முடி, கூன் விழுந்த மாதிரி தோள், இந்த ஷூ. தூரத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் தப்பித் தவறி மைதானத்துக்குள் வந்துவிட்டார் போலிருக்கும்.

அவர் இறந்த வாரம் மேனிங் அதே மாதிரி ஷூ போட லீகிடம் அனுமதி கேட்டார். கிடையாது, போட்டால் அபராதம் என்றார்கள். ரேவன்ஸ் குவார்ட்டர்பேக் கிறிஸ் ரெட்மன் கேட்கவே இல்லை, போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அபராதம் 5,000 டாலர். ரெட்மனும் யூனைட்டஸ் படித்த லூயிவில் பல்கலைக்கழகத்துக்காரர்.

டாம் பிரேடியைவிட இவர் பெரியவரா? நேரா பதில் சொல்லுங்க.

இல்லை. இந்தக் காலத்துக் குவார்ட்டர்பேக் பிரேடிக்கு 7 சூப்பர் பவுல் வெற்றி, 89,214 கெஜம், 649 டச்டவுன். அவரும் 199-வது ஆளாகத் தேர்வானவர், ஒதுக்கப்பட்ட கதையிலும் யூனைட்டஸை மிஞ்சிவிட்டார்.

யார் பெரியவர் என்பது எனக்குச் சுவாரசியமான கேள்வி இல்லை. 45 வயதுவரை பிரேடி ஆட முடிந்ததற்கு நான் மேலே 253-ஐப் பற்றிச் சொன்ன விதி மாற்றங்களும் காரணம். அந்த விதிகள் வந்ததற்கு மக்கள் பந்து வீசுவதைப் பார்க்க விரும்பியது காரணம். விரும்ப ஆரம்பித்தது எப்போது என்று தேடினால் 1958 டிசம்பருக்கு வந்து நிற்போம். பிரேடி பாஸ்டன் பக்கத்தில் ஆடினார், அப்புறம் டாம்பாவுக்குப் போனார், அங்கேயும் ஜெயித்தார். யூனைட்டஸை சான் டியேகோ சட்டையில் பார்க்க ஒருவருக்கும் சகிக்கவில்லை.

என் பையனுக்கு லமார் ஜாக்சன்தான் உசிர். இந்தப் பழைய கதை அவனுக்கு எதுக்கு?

எதற்கும் வேண்டாம், ரேவன்ஸ் குவார்ட்டர்பேக் லமாரையே அவன் பார்க்கட்டும். லமாரும் லூயிவில்லில் படித்தவர்தான் என்று மட்டும் சொல்லிவையுங்கள். அங்கேயும் ஒரு யூனைட்டஸ் சிலை இருக்கிறது. 2019-லும் 2023-லும் லமார் வாங்கிய அதே தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை இதே ஊரில் யூனைட்டஸ் மூன்று முறை வாங்கியிருக்கிறார். ஒன்று பாக்கி என்று பையனே கணக்குப் போட்டுக்கொள்வான்.

சிலையைப் பார்க்க மேட்ச் டிக்கெட் வேணுமா?

வேண்டாம். ஸ்டேடியத்துக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்கிறது. ஆட்டமில்லாத நாளில் போங்கள், வண்டி நிறுத்தச் சுலபம். பக்கத்தில் ரேவன்ஸ் ஆட்டக்காரர் ரே லூயிஸுக்கு 2014-ல் வைத்த சிலை, நடனமாடியபடி இருக்கும். பிள்ளைகள் அதனருகே போட்டோவுக்கு ஓடுவார்கள், ஓடட்டும். நீங்கள் யூனைட்டஸின் கால் பக்கம் போய் அந்த ஷூவைப் பாருங்கள். ஆட்ட நாளில் போனால், உள்ளே நுழையும் முன்பு அதைத் தொட்டுவிட்டுப் போகும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் 1969-ஐப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள், ஆட்டம் தொடங்கிவிடும்.